சட்டை போடாத ஓர்க்கும் இரும்பு போட்ட சிஸ்டரும்: உறுதி வேறு, கவசம் வேறு

பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்க்களமாகிவிடும். பொம்மை வீரர்களை நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டுதான். விரிப்பை எடுத்துவிட்டு, அட்டையில் செய்த இடிந்த கட்டடங்களை அடுக்கி, ஒரு பக்கம் நானும் மறுபக்கம் என் அக்கா மகனும் நிற்போம். அவன் விளையாட வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. அவனுடைய படை சிஸ்டர்கள், அதாவது தலை முதல் கால் வரை கவசம் பூட்டிய போர்க் கன்னியாஸ்திரிகள். என்னுடையது ஓர்க் கூட்டம்: பச்சைத் தோல், பெரிய தாடை, உடம்பில் ஒழுங்கான சட்டைகூட இல்லாத முரடர்கள்.

அன்று அவன் சுட்டதில் ஒன்பது குண்டுகள் என் ஆட்கள் மேல் பட்டன. இரண்டு ஓர்க் செத்தன. அடுத்து நான் சுட்டேன். எனக்கும் ஒன்பது பட்டது. இரண்டு சிஸ்டர்கள் போனார்கள். பையன் பகடையைக் கீழே வைத்துவிட்டான்.

"மாமா, உங்க ஆளுக்குச் சட்டையே இல்ல. என் ஆளு முழுக்க இரும்பு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சாகுறாங்க. இது எப்படி?"

"ஓர்க்குக்கு டஃப்னஸ், அதான் உடம்பு உறுதி, அதிகம்டா" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்திருக்கலாம். பல வருடம் விளையாடுகிறவர்களும் அப்படித்தான் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் அவன் அடுத்துக் கேட்பான்: அதிகம் என்றால் எவ்வளவு அதிகம்? கவசத்தைவிடவா? எப்போதுமா? இந்த மூன்று கேள்விக்கும் எளிதாகப் பதில் சொல்ல முடியும். ஆறாம் வகுப்புப் பெருக்கல் தெரிந்தால் போதும். அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

## முதலில், எந்த விளையாட்டு?

நாங்கள் விளையாடுவது வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்தில் இருக்கும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் கொண்டுவந்தது. சின்னச் சின்னப் பொம்மை வீரர்களை நாமே ஒட்டி, வர்ணம் பூசி, மேசையில் நகர்த்தி, ஆறு முகப் பகடையை உருட்டிச் சண்டை போடுவது. இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் 2023-ல் வந்த பத்தாம் பதிப்பின் எண்கள். வேறு மேசைப் போர் விளையாட்டு ஆடுகிறவர்களும் படிக்கலாம். பெயர் மாறும், எண் மாறும். ஆனால் ஒரு வீரன் சாவதற்கு முன் இரண்டு தடை இருக்கும் என்ற அமைப்பு நிறைய விளையாட்டுகளில் உண்டு.

## தைப்பூசத் தேங்காய்

பினாங்குக்காரர்களுக்கு இதைத் தேங்காயை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் கோவில் வீட்டிலிருந்து கிளம்பித் தண்ணீர்மலைக்குப் போகும். வழி நெடுக ரோட்டோரம் தேங்காயைக் குவித்து வைத்திருப்பார்கள். ரதம் நெருங்கும்போது ஆளாளுக்கு எடுத்துத் தரையில் அடிப்பார்கள். தமிழர், சீனர் என்று பார்ப்பதில்லை. ரோடு முழுக்கத் தேங்காய்ச் சில்லும் தண்ணீரும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன் நான்.

அங்கே கவனித்தால் ஒன்று தெரியும். சின்னப் பையன் தேங்காயைப் போட்டால் பல நேரம் உடையாது. உருண்டு போகும். பின்னால் நிற்கிற பெரியவர் அதையே எடுத்து ஓங்கி அடிப்பார், இரண்டாகப் பிளக்கும். தேங்காய் அதேதான். மாறியது கையின் பலம். ஓட்டின் கெட்டிக்கும் கையின் பலத்துக்கும் நடக்கிற போட்டி அது.

இப்போது மட்டையோடு இருக்கிற தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெரியவரே ஓங்கி அடித்தாலும் 'தொப்' என்று விழுந்து துள்ளும், அவ்வளவுதான். நார் அடியை வாங்கிக்கொள்கிறது. அதை உடைக்க வேண்டுமென்றால் கையில் பலம் கூடினால் மட்டும் போதாது. தரையில் நட்டிருக்கும் பாரையில் குத்தி, அழுத்தி, திருகி, மட்டையை உரிக்க வேண்டும். சிறு வயதில் எங்கள் தெருவில் மூட்டை மூட்டையாகத் தேங்காய் வந்து இறங்கும். உரிக்கிறவர் ஒரு காய்க்கு மூன்று குத்துதான் போடுவார். மூன்று பட்டையாக மட்டை கழன்று விழும்.

ஏற்கெனவே உரித்த தேங்காயை யாராவது பாரையில் குத்துவார்களா? குத்தினால் என்ன லாபம்? உரிப்பதற்கு அங்கே எதுவுமே இல்லையே. இந்தக் கேள்வியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

## நான்கு சொற்கள்

ஓட்டின் கெட்டிதான் விளையாட்டில் டஃப்னஸ். நான் 'உறுதி' என்று எழுதுகிறேன். உடம்பே எவ்வளவு அடி தாங்கும் என்பதைச் சொல்லும் எண். ஓர்க்குக்கு 5, சிஸ்டருக்கு 3.

கையின் பலம் ஸ்ட்ரென்த். ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு எண் உண்டு. அன்று எங்கள் இருவர் துப்பாக்கிக்கும் பலம் 4.

மட்டைதான் கவசம். மேசையில் எல்லோரும் 'சேவ்' என்போம். இது 3+, 5+ என்று எழுதப்படும். 3+ என்றால், பகடையில் 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் கவசம் காப்பாற்றிவிட்டது என்று பொருள். அதனால் இங்கே எண் சின்னதாக இருந்தால்தான் நல்ல கவசம். புதிதாக வருகிறவர்கள் முதலில் இடறுவது இந்த இடத்தில்தான்: உறுதி பெரிய எண்ணாக இருக்க வேண்டும், கவசம் சின்ன எண்ணாக இருக்க வேண்டும். சிஸ்டருக்கு 3+, ஓர்க்குக்கு 5+.

உரிக்கும் பாரைதான் ஏபி. 'துளைப்பு' என்று வைத்துக்கொள்வோம். துளைப்பு 1 உள்ள ஆயுதம் பட்டால் 3+ கவசம் 4+ ஆகத் தேய்ந்துவிடும். துளைப்பு 2 என்றால் 5+. அன்று எங்கள் துப்பாக்கிகளுக்குத் துளைப்பு கிடையாது, பூஜ்யம்.

குண்டு பட்ட பிறகு இரண்டு பகடை உருட்டல் நடக்கும். முதலில் அடித்தவன் உருட்டுவான்: அடி உடம்பைக் காயப்படுத்தியதா? இது பலத்துக்கும் உறுதிக்கும் நடக்கும் கணக்கு. காயம் ஆனால், அடி வாங்கியவன் உருட்டுவான்: கவசம் காப்பாற்றியதா? இது கவசத்துக்கும் துளைப்புக்கும் நடக்கும் கணக்கு. இரண்டிலும் தப்பாதவன்தான் சாகிறான்.

## காலண்டர் தாளில் 36 கட்டம்

பையனிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சுவரில் இருந்த தினக் காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து, பின்பக்கம் ஆறுக்கு ஆறு கட்டம் போட்டேன். மொத்தம் 36. இடமிருந்து வலமாக ஆறு வரிசை, அடித்தவனின் பகடை. மேலிருந்து கீழாக ஆறு வரிசை, தடுப்பவனின் பகடை. இரண்டு பகடை உருட்டினால் வரக்கூடிய எல்லா முடிவும் இந்த 36 கட்டத்துக்குள் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் சம வாய்ப்பு.

முதலில் ஓர்க். பலம் 4, உறுதி 5. பலம் குறைவு என்பதால் அடித்தவனுக்கு 5 அல்லது 6 விழுந்தால்தான் காயம். ஆக, ஆறு வரிசையில் இரண்டு மட்டும் ஆபத்து. அடுத்து அதன் கவசம் 5+. அதுவும் 5 அல்லது 6 விழுந்தால்தான் காப்பாற்றும். 1 முதல் 4 வரை விழுந்தால் போச்சு. இரண்டு வரிசை அகலம், நான்கு வரிசை உயரம். பென்சிலால் நிழல் அடித்தேன். எட்டுக் கட்டம்.

அப்புறம் சிஸ்டர். பலம் 4, உறுதி 3. பலம் அதிகம் என்பதால் 3 விழுந்தாலே காயம். நான்கு வரிசை ஆபத்து. ஆனால் கவசம் 3+. 1, 2 விழுந்தால் மட்டும் சாவு. நான்கு வரிசை அகலம், இரண்டு வரிசை உயரம். அதுவும் எட்டுக் கட்டம்தான்.

36-ல் 8. இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒன்பது குண்டு பட்டால் சராசரியாக இரண்டு பேர் சாவார்கள். அன்று மேசையில் நடந்ததும் அதுவேதான். (பகடை எப்போதும் இவ்வளவு நாணயமாக விழாது. ஒன்பதில் ஐந்து சாகிற நாளும் உண்டு, ஒருவனும் சாகாத நாளும் உண்டு. கட்டம் சொல்வது நெடுநாள் சராசரியை.)

பையன் இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை." இந்த விஷயத்தின் உயிரே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. பரப்பளவு ஒன்று, வடிவம் வேறு. ஓர்க்கின் ஆபத்துக் கட்டம் ஒடுங்கி உயரமாக நிற்கிறது, சிஸ்டருடையது தாழ்ந்து அகலமாகக் கிடக்கிறது. உறுதி அகலத்தைக் குறுக்குகிறது. கவசம் உயரத்தைக் குறைக்கிறது.

இதுவரை பார்த்தது: உறுதியும் கவசமும் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. அகலத்தை உயரத்தால் பெருக்கினால் வருவதுதான் சாகும் வாய்ப்பு. அதனால்தான் மோசமான கவசமும் நல்ல உறுதியும் உள்ளவன், நல்ல கவசமும் மோசமான உறுதியும் உள்ளவனுக்குச் சமமாக நிற்க முடிகிறது.

## ஆயுதம் மாறினால் பதிலும் மாறும்

"அப்ப ரெண்டும் சமம்னு வச்சுக்கலாமா மாமா?" வைக்கக் கூடாது. இந்தத் துப்பாக்கிக்கு மட்டும்தான் சமம்.

துளைப்பு 1 உள்ள துப்பாக்கியை எடுத்தோம். இதே விளையாட்டில் இன்னொரு படையான ஸ்பேஸ் மரீன்கள் வைத்திருக்கும் போல்ட் ரைஃபிள் அப்படி: பலம் அதே 4, துளைப்பு 1. இரண்டு படத்திலும் கீழே ஒரு வரிசை கூடும். ஓர்க்கின் படம் இரண்டு வரிசை அகலம்தானே, அதனால் இரண்டு கட்டம்தான் கூடும். 8 பத்தாகிறது. சிஸ்டரின் படம் நான்கு வரிசை அகலம். நான்கு கட்டம் கூடிவிடும். 8 பன்னிரண்டாகிறது. பாரை ஒன்றுதான். மட்டை அதிகமுள்ள காய்தான் அதிகம் இழந்தது.

அடுத்து ஹெவி போல்ட்டர். பலம் 5, துளைப்பு 1. பலம் 5 ஆனதும் ஓர்க்கின் உறுதிக்குச் சமமாகிவிட்டது. இப்போது 4 விழுந்தாலே காயம், படம் ஒரு வரிசை அகன்றுவிட்டது. மூன்று அகலம், ஐந்து உயரம், பதினைந்து கட்டம். சிஸ்டருக்கோ, பலம் 4 ஆனாலும் 5 ஆனாலும் உறுதி 3-ஐவிட அதிகம் என்பதோடு சரி. அகலம் மாறவே இல்லை. அதே பன்னிரண்டு. ஒரு நிமிடத்துக்கு முன் ஓர்க்தான் நல்லது என்று தோன்றியது, இப்போது சிஸ்டர் நல்லது.

பலம் குறைந்த லேசர் துப்பாக்கி, அதாவது லாஸ்கன், பலம் 3, துளைப்பு இல்லை. ஓர்க்குக்கு எட்டுக் கட்டமே நிற்கிறது. சிஸ்டருக்குப் பலமும் உறுதியும் சமம், மூன்று அகலம், இரண்டு உயரம், ஆறு கட்டம். இங்கேயும் சிஸ்டர் முன்னால்.

பிளாஸ்மா துப்பாக்கி, சாதாரணமாகச் சுட்டால் பலம் 7, துளைப்பு 2. ஓர்க்கின் 5+ கவசம் 7+ ஆகிவிடும். பகடையில் 7 கிடையாது, ஆக கவசமே இல்லை. நான்கு அகலம், ஆறு உயரம், 24. சிஸ்டருக்கு ஐந்து அகலம், நான்கு உயரம், 20.

மெல்ட்டா துப்பாக்கி, பலம் 9, துளைப்பு 4. ஓர்க்குக்கு அதே 24. கவசம் ஏற்கெனவே போய்விட்டது, அதற்கு மேல் துளைத்து என்ன ஆகப்போகிறது? உரித்த தேங்காயைப் பாரையில் குத்திய கதைதான். சிஸ்டரின் 3+ கவசமும் இதற்கு முன் நிற்காது. ஆனால் அவளுக்கு 'இன்வல்' என்ற வேறொரு காப்பு 6+ உண்டு. இன்வல் என்பது துளைப்பு எவ்வளவு வந்தாலும் தேயாத காப்பு. கவசம், இன்வல் இரண்டில் எது நல்லதோ அதை உருட்டிக்கொள்ளலாம். அதனால் ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். கிட்டத்தட்ட மறுபடியும் சமம்.

ஒரே இரண்டு வீரர்கள், ஆறு துப்பாக்கிகள். யார் உறுதியானவர் என்ற பதில் எத்தனை முறை புரண்டது பாருங்கள். 'இந்த யூனிட் டஃப்' என்று யாராவது பொதுவாகச் சொன்னால், எந்தத் துப்பாக்கிக்கு எதிராக என்று கேளுங்கள். அதைச் சொல்லாத வரைக்கும் அந்தப் பேச்சுக்கு அர்த்தமே இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புதிதாக வருகிறவர்கள் இந்தப் பொதுப் பேச்சை நம்பித்தான் காசு கொடுத்துப் பெட்டி வாங்குகிறார்கள். ஒரு பெட்டி வீரர்களின் விலை சும்மா இல்லை.

## உறுதி ஏணி, கவசம் சறுக்கு

மேலே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். பலம் 4-லிருந்து 5 ஆனபோது ஓர்க்குக்கு மாற்றம் வந்தது, சிஸ்டருக்கு வரவில்லை. ஏன்? உறுதிக்கு ஐந்து படிதான் உண்டு. பலம் உறுதியைப்போல் இரண்டு மடங்கு அல்லது அதற்கு மேல் என்றால் 2+. வெறுமனே அதிகம் என்றால் 3+. சமம் என்றால் 4+. குறைவு என்றால் 5+. பாதி அல்லது பாதிக்கும் கீழ் என்றால் 6+. எந்தப் படியில் நிற்கிறோம் என்பதுதான் முக்கியம், படிக்குள்ளே எங்கே என்பது கணக்கில்லை.

உறுதி 4 உள்ள வீரனுக்கும் உறுதி 5 உள்ள வீரனுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்போம். பலம் 3 ஆயுதத்துக்கு இரண்டு பேருக்கும் 5+. வித்தியாசமே இல்லை. பலம் 4-க்கு 4+ எங்கே, 5+ எங்கே, நல்ல லாபம். பலம் 5-க்கும் லாபம். பலம் 6, 7-க்கு மறுபடியும் இருவருக்கும் 3+, ஒரு பயனும் இல்லை. பலம் 8, 9-க்கு உறுதி 4 உள்ளவன் இரண்டு மடங்கில் மாட்டிக்கொள்கிறான், உறுதி 5 உள்ளவன் தப்பிவிடுகிறான். பலம் 10 வந்தால் அவனும் மாட்டிக்கொள்வான். ஆக ஒரு புள்ளி உறுதி சில ஆயுதத்துக்கு எதிரே தங்கம், சிலவற்றுக்கு எதிரே வெறும் எண். உங்கள் எதிராளி கொண்டுவரும் துப்பாக்கிகளின் பலம் தெரியாமல் அந்தப் புள்ளியின் மதிப்பைச் சொல்ல முடியாது.

கவசம் அப்படி இல்லை. துளைப்பு ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு வரிசை நிச்சயம் கூடும், 6+ தாண்டும் வரை. ஆனால் எந்த இடத்தில் கூடுகிறது என்பதில்தான் சூட்சுமம். 6+ கவசம் ஆறில் ஐந்து முறை தோற்கும். 5+ நான்கு முறை. 4+ மூன்று, 3+ இரண்டு, 2+ ஒன்றே ஒன்று. 6+ உள்ளவனை 5+ ஆக்கினால் ஐந்து நான்காகிறது, ஐந்தில் ஒரு பங்கு லாபம். 3+ உள்ளவனை 2+ ஆக்கினால் இரண்டு ஒன்றாகிறது. சாகிறவர்களில் பாதிப் பேர் பிழைத்துவிடுகிறார்கள்! ஒரே ஒரு புள்ளிதான், ஆனால் உச்சியில் அதன் மதிப்பு பல மடங்கு.

இறங்கும்போதும் அதே கதை. டெர்மினேட்டர் என்ற கனத்த வீரனுக்கு உறுதி 5, கவசம் 2+. எங்கள் சாதாரணப் பலம் 4 துப்பாக்கிக்கு முன் இரண்டு அகலம், ஒரு உயரம், இரண்டே கட்டம். துளைப்பு 1 வந்ததும் நான்கு கட்டம், அப்படியே இரட்டிப்பு. அதே துளைப்பு 1 ஓர்க்குக்கு எட்டைப் பத்தாக்கியது, கால் பங்கு உயர்வுதான். எவ்வளவு நல்ல கவசமோ அவ்வளவு வேகமாக முதல் சறுக்கலில் இழக்கும். அதற்காகத்தான் டெர்மினேட்டருக்கு 4+ இன்வலும் கொடுத்திருக்கிறார்கள். துளைப்பு 2 வரை கவசம் தேயும், அதற்கு மேல் எது வந்தாலும் 4+ அப்படியே நிற்கும். படத்தில் உயரம் மூன்று வரிசையைத் தாண்டவே தாண்டாது.

சுருக்கம்: உறுதி படிப்படியாக வேலை செய்கிறது, சில படியில் ஒரு புள்ளிக்குப் பயனே இருக்காது. கவசத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் பயன் உண்டு, உச்சியில் மிக அதிகம். துளைப்பு நல்ல கவசத்தைத்தான் அதிகம் காயப்படுத்தும், மோசமான கவசத்தின் மேல் பாதி வீணாகும்.

## "கவசம்தானே முதலில் வரணும்?"

இதுவும் பையன் கேட்டதுதான். நிஜத்தில் குண்டு முதலில் இரும்பில் பட்டு, அப்புறம்தானே உடம்புக்குப் போகும்? மட்டைக்குள்ளேதானே ஓடு? விளையாட்டில் ஏன் உடம்பு முதலில், கவசம் பிறகு?

கை வேலைக்காகத்தான். சுடுகிறவன் கையில் ஒரு பிடி பகடை இருக்கிறது. பட்டதா என்று உருட்டுகிறான், படாததை ஒதுக்குகிறான். மீதியை அள்ளி, காயமா என்று உருட்டுகிறான். இரண்டும் அவன் கையாலேயே முடிகிறது. அப்புறம் ஒரே ஒரு முறை பகடையை எதிராளியிடம் தள்ளினால் போதும். கவசம் நடுவில் வந்தால் பகடை அங்கும் இங்கும் போய்வர வேண்டும். கணக்கில் எந்த மாற்றமும் இல்லை. மூன்றை நான்கால் பெருக்கினாலும் நான்கை மூன்றால் பெருக்கினாலும் பன்னிரண்டுதானே.

## டாங்கியின் இரும்பு உறுதியா, கவசமா?

மிக அதிகமாகக் குழம்புகிற இடம் இதுதான். ஓர்க்குக்கும் சிஸ்டருக்கும் உடம்பு எது, கவசம் எது என்று கண்ணாலேயே தெரிகிறது. டாங்கிக்கு உடம்பே இரும்புதானே?

குழப்பத்துக்கு வரலாறும் ஒரு காரணம். மூன்றாம் பதிப்பிலிருந்து ஏழாம் பதிப்பு வரை வண்டிகளுக்கு உறுதி என்ற எண்ணே கிடையாது. முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று தனித்தனியாக இரும்பின் தடிமனுக்கு ஒரு எண் இருந்தது. 2017-ல் எட்டாம் பதிப்பு வந்தபோதுதான் வண்டிகளுக்கும் உறுதி, கவசம் இரண்டும் கொடுத்தார்கள். துளைப்பும் அந்தப் பதிப்புகளில் வேறு மாதிரி. ஆயுதத்தின் ஏபி உன் கவசத்துக்கு ஈடாகவோ மேலாகவோ இருந்தால் கவசம் மொத்தமாகப் போச்சு; இல்லையென்றால் கொஞ்சமும் தேயாது. தேய்மானம் என்ற பேச்சே இல்லை. அந்தக் காலத்தில் விளையாடிப் பழகியவர்கள் அப்போது கற்ற பேச்சைத்தான் இன்றும் பேசுகிறார்கள். அவர்கள் சொன்னது அன்று சரி, பத்தாம் பதிப்பின் விதிக்குப் பொருந்தாது. கேட்கிற புதியவர் இரண்டையும் கலந்துகொண்டு திண்டாடுகிறார்.

பத்தாம் பதிப்பின் விதியில் லேண்ட் ரெய்டர் என்ற பெரிய வண்டிக்கு உறுதி 12, கவசம் 2+. லாஸ்கன் பட்டால் 6 விழுந்தால்தான் காயம், கவசம் 1 விழுந்தால்தான் தோற்கும். 36 கட்டத்தில் ஒரே ஒரு மூலைக் கட்டம். லாஸ்கேனன் என்ற பீரங்கி, பலம் 12, துளைப்பு 3. மூன்று அகலம், நான்கு உயரம், பன்னிரண்டு கட்டம். அதே பீரங்கியை லெமன் ரஸ் டாங்கி மேல் திருப்புங்கள். அதற்கும் கவசம் 2+, உறுதி 11. ஒரு புள்ளிதான் குறைவு, ஆனால் பீரங்கியின் பலம் இப்போது அதிகம் என்ற படிக்கு ஏறிவிட்டது. நான்குக்கு நான்கு, பதினாறு. இரும்பின் எந்தப் பகுதி உறுதி, எந்தப் பகுதி கவசம் என்று தேடாதீர்கள். அந்த வண்டியின் படம் அகலமா, உயரமா என்று மட்டும் பாருங்கள்.

## உயிரும் சேதமும்

இதுவரை ஓர் அடிக்கு ஒரு சாவு என்று வைத்துக்கொண்டோம். ஓர்க்குக்கும் சிஸ்டருக்கும் ஒவ்வொரு உயிர்தான், அதனால் சரி. வூண்ட் என்று வீரரின் விவர அட்டையில் எழுதியிருப்பது இந்த உயிர் எண்ணிக்கை. டெர்மினேட்டருக்கு மூன்று, லேண்ட் ரெய்டருக்குப் பதினாறு. ஆயுதம் ஒரு அடியில் எத்தனை உயிரைக் கழிக்கும் என்பது டேமேஜ், அதாவது சேதம்.

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். மிச்சச் சேதம் பக்கத்து ஆளுக்குத் தாவாது. ஹெவி போல்ட்டரின் சேதம் 2. ஒற்றை உயிர் ஓர்க் மேல் பட்டால் ஒன்று வீண். இரண்டு உயிருள்ள சாதாரண ஸ்பேஸ் மரீன் மேல் பட்டால் கச்சிதம். மூன்று உயிருள்ள டெர்மினேட்டரைக் கொல்ல இரண்டு அடி வேண்டும், இரண்டாவது அடியில் ஒன்று வீண். உறுதிக்குப் பார்த்த படிக் கணக்கு இங்கேயும் அப்படியே வருகிறது.

## மறைவில் நின்றால்

சுவருக்குப் பின்னால், இடிபாட்டுக்குள் நிற்கிற வீரனுக்குத் தூரத்திலிருந்து வரும் சூட்டுக்கு எதிராகக் கவசம் ஒரு புள்ளி கூடும். ஆனால் ஒரு நிபந்தனை: 3+ அல்லது அதைவிட நல்ல கவசம் உள்ளவருக்குத் துளைப்பில்லாத ஆயுதத்துக்கு எதிராக இந்தச் சலுகை கிடையாது.

எங்கள் முதல் துப்பாக்கிக்கே திரும்பிப் போவோம். திறந்த வெளியில் இரண்டு பேருக்கும் எட்டு. மறைவில் ஓர்க்கின் 5+ கவசம் 4+ ஆகிறது. இரண்டு அகலம், மூன்று உயரம், ஆறு கட்டம். சிஸ்டருக்குச் சலுகை இல்லை, எட்டு அப்படியே. சமமாக இருந்ததை ஒரு குட்டிச்சுவர் மாற்றிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பையன் வரும்போது கையில் நாலைந்து காலண்டர் தாள் இருந்தது. எல்லாவற்றிலும் கட்டம் போட்டு, மூலையில் ஆயுதத்தின் பெயர் எழுதியிருந்தான். இரண்டாவது சுற்றில் அவனுடைய ஹெவி போல்ட்டரை என் ஓர்க் கூட்டத்தின் மேல் திருப்பினான். "பதினஞ்சு மாமா" என்றான். நான் முந்தின சுற்றிலேயே அவர்களை இடிந்த சுவருக்குப் பின்னால் நகர்த்தியிருந்தேன். அவன் குனிந்து மேசை மட்டத்துக்குக் கண்ணை வைத்துப் பார்த்தான். பென்சிலை எடுத்துப் படத்தின் கடைசி வரிசையை அழித்து, பதினைந்தைப் பன்னிரண்டாக்கினான். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஹெவி போல்ட்டர் வைத்திருந்த சிஸ்டரைச் சுவரின் பக்கவாட்டுக்கு நகர்த்தினால் மறைவு போய்விடுமா என்று அளவுநாடாவை எடுத்தான்.